உன் வண்டிக்கு அளவெடுத்த கதை

சங்கர்,

சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது என்று ஆரம்பிக்கப் போவதில்லை. அதைத்தான் தினமும் போனில் கேட்கிறேன், நீயும் தினமும் "ம்" கொட்டுகிறாய். இது "ம்" கொட்டிக் கேட்கிற விஷயம் இல்லை. உன் கேரவனை விலை பேச ஆள் வந்தது, வந்த வேகத்தில் அவர் திரும்பிப் போனது, அதற்குப் பிறகு நம் வீட்டுப் பின்பக்கம் நடந்தது எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் பாதியில் குறுக்கே விழுவாய். அதனால் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டுத் திட்டு. நடுவில் கூப்பிட்டால் நான் எடுக்கப் போவதில்லை.

இந்த வீட்டில் உறை போடாத பொருளே கிடையாது என்று நீ எப்போதும் கேலி செய்வாய். மிக்சிக்கு உறை, கிரைண்டருக்கு உறை, டிவிக்குச் சுருக்கு வைத்த உறை, தையல் மிஷினுக்கு இரண்டு உறை. தையற்காரி வீடு, மிஞ்சின துணியைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. "அப்பாவுக்கும் ஒண்ணு தச்சிரும்மா, தூசி படியாம இருப்பாரு" என்று நீ சொன்னதை அவர் இன்னும் மறக்கவில்லை. இத்தனைக்கும் உறை தைத்த நான், வீட்டிலேயே பெரிய பொருளான உன் வண்டியை மூடிய அன்று பக்கத்தில் இல்லை. தீபாவளித் துணி மலை மாதிரிக் குவிந்து கிடந்தது. அந்த வேலையை அப்பா கையில் விட்டுவிட்டேன்.

சாரல் காலம் முழுக்க அந்த வண்டியைக் குற்றாலத்தில் வாடகைக்கு ஓட்டிவிட்டு, புரட்டாசியில் நீ கோயம்புத்தூர் கம்பெனி வேலைக்குக் கிளம்பினாய். கிளம்பும்போது டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா மூடி வைங்கப்பா, அடுத்த சாரலுக்கு வந்து எடுத்துக்கிடுதேன்" என்று சொன்னாய். "ஏலே, வருசா வருசம் கடைய மூடித் தொறக்கவன்ட்ட மூடுததுக்குச் சொல்லித் தாரியா?" என்றார் அப்பா. அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஐந்தருவியில் துண்டும் டிரவுசரும் எண்ணெயும் விற்கிற கடையை, அருவியில் தண்ணீர் குறைந்ததும் தார்பாய் போட்டுச் சுற்றிக் கட்டிவிட்டு வருகிறவர் அவர். ஒரு எறும்பு நுழைய இடம் இருக்காது.

உன் வண்டியையும் அதே மாதிரிதான் கட்டினார். முதலில் ஆயுத பூஜை. சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் எல்லாம் முறையாக நடந்தது. ஊர்க்கண் உன் வண்டிமேல்தான் இருக்கிறது என்பது அவர் எண்ணம். சும்மா சொல்லக்கூடாது, அதுவும் உண்மைதான். மில் ஆட்களை ஏற்றிப்போன பழைய வேனை வாங்கி, சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு, மெத்தையும் அடுப்பும் குட்டி ஃப்ரிட்ஜும் வைத்து ஒரு குடும்பம் தங்குகிற மாதிரி நீயே ஆக்கினாய் அல்லவா? நம் தெருவில் நுழைந்தபோது, சூரியகாந்தித் தோட்டத்தில் ஷூட்டிங் நடக்கிறது, உள்ளே எந்த நடிகை இருக்கிறாள் என்று கேட்டு நாலு பேர் பின்னாலேயே வந்தார்கள். அதனால் திருஷ்டிக்கு ஒரு பெரிய பூசணிக்காய் வாங்கி, பொம்மை முகம் வரைந்து, கயிற்றில் கட்டினார். வெளியே கட்டினால் குரங்கு இழுத்துப் போட்டுவிடும் என்று யோசித்து, உள்ளே கட்டினார். உள்ளே கட்டிக் கதவைச் சாத்தி, மேலே தார்பாயை மூடி, கயிறு போட்டு இறுக்கி, கையைத் தட்டிக்கொண்டு வந்து காபி கேட்டார்.

ஐப்பசியில் உனக்கு நிச்சயம் ஆனது. சுந்தரபாண்டியபுரத்தில், உமா வீட்டில், தட்டு மாற்றுவதற்கு முன் அவள் தாய்மாமா கேட்டார்: "மாப்ள என்ன ஜோலி பாக்காரு?" அப்பா வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டு, "கோயம்புத்தூர்ல கம்பெனி சூப்பர்வைசர்" என்றாய். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்பா என்னைப் பார்த்தார். நான் தட்டில் இருந்த வாழைப்பழத்தைப் பார்த்தேன். அடுத்த வாரம் நீ போன் செய்தாய். "வண்டிய வித்துரும்மா. லேப்ல வேல பாக்குத புள்ள. அவகிட்டப் போயி, சாரல் வந்தா வண்டி ஓட்டுவேன், வராட்டா சும்மா இருப்பேன்னு எப்படிச் சொல்ல? மாசச் சம்பளம்தான் அவளுக்குச் சரி வரும்" என்றாய். குரல் உடைந்திருந்தது. அதை நான் கவனிக்காத மாதிரி நடித்தேன்.

கல்யாணம் வைகாசியில், அதற்குள் வண்டி கைமாறிவிட வேண்டும் என்பது உன் கணக்கு. மார்கழியில் விலை பேசக்கூடாது என்று சொல்லி நான் கொஞ்சம் இழுத்தேன். பொங்கல் முடிந்ததும் இழுக்கக் காரணம் கிடைக்கவில்லை. கேரளாவுக்கு டூர் வண்டி விட்டு விட்டுப் பேச்சே பாதி மலையாளமாகிப் போன செங்கோட்டைக்காரர் ஒருவர் வந்தார். அவர் வருவதற்குச் சில நாள் முன்பிருந்தே பின்பக்கம் ஒரு வாடை அடித்தது. பக்கத்து வீட்டுச் சாக்கடைதான் என்று முடிவு கட்டி, நான் அவர்கள் காதில் விழும்படி ஜாடையாக நாலு வார்த்தை பேசியும் விட்டேன். பாவம், அவர்களுக்கு இப்போது ஒரு கிண்ணம் பால்பாயசம் கொடுத்துச் சமாதானம் செய்திருக்கிறேன்.

அப்பா கயிற்றை அவிழ்த்துத் தார்பாயை இழுத்தார். மழை நின்று எத்தனையோ நாள் ஆகியும் தார்பாயின் உள்பக்கத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. கார்த்திகை மழையின் ஈரம் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே குடியிருந்திருக்கிறது. செங்கோட்டைக்காரர் கதவைத் திறந்தார். திறந்த வேகத்தில் மூடினார்.

"ஐயோ, எந்தா இது! அண்ணாச்சி, உள்ள ஆரும் செத்துக் கிடக்கா?"

"சே சே, அது ஆயுத பூசைக்குக் கட்டுன தடியங்காய்" என்றார் அப்பா, ஏதோ உள்ளே சொந்தக்காரர் தூங்குகிற மாதிரி.

பூசணிக்காய் அங்கே இல்லை. கயிறும் காம்பும்தான் தொங்கின. மீதி எல்லாம் கரைந்து அடுப்புமேல் வழிந்து தரைக்கு இறங்கியிருந்தது. மெத்தையில் பச்சைப் பச்சையாகப் பூஞ்சை, திரைச்சீலையில் கறுப்புப் புள்ளி, நீ பாலிஷ் போட்ட பலகையெல்லாம் சாம்பல் பூத்துக் கிடந்தது. வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டே, "எல்லாம் கழுவிட்டு விளிங்க, அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்தார்.

"பூசணிக்காய உள்ள கெட்டுவாகளா யாராச்சும்?" என்று நான் கத்த, "வெளிய கெட்டுனா கொரங்கு ஒன்ட்டக் கேட்டுட்டா திங்கும்?" என்று அப்பா கத்த, தெருவே கேட்டிருக்கும். அப்புறம் அந்த மெத்தையைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்கு உறை தைத்தது நான்தான். எந்தத் துணி என்று கேட்டு நீ என் பின்னாலேயே நின்றாயே, அது ஞாபகம் வந்தது. "விக்கப் போற வண்டிக்கு எதுக்குட்டி அழுத?" என்றார் அப்பா. அவர் கண்ணும் நல்லபடியாக இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை உமாவும் அவள் அம்மாவும் வந்தார்கள். கல்யாண ஜாக்கெட் நான்தான் தைப்பேன் என்று அடம்பிடித்திருந்தேன் அல்லவா, அதற்கு அளவு கொடுக்க. வருவார்கள் என்று தெரியும், காலையிலேயே வருவார்கள் என்று தெரியாது. நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்குள் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர் ஊற்றுகிறார். சம்பந்திகளை வரவேற்கிற கோலம் அது. உமா பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். துப்பட்டாவை மூக்கோடு சேர்த்துக் கட்டினாள், கைப்பையிலிருந்து லேப்பில் போடுகிற ஒரு ஜோடி கையுறை எடுத்து மாட்டினாள், ஏறிவிட்டாள்.

"பூஞ்ச அத்தே இது. காஞ்ச துணியால தேய்க்காதீங்க, தூளு பறந்து மூக்குல ஏறிரும். ஈரத் துணியால தொடச்சு, நல்ல வெயில்ல காயப் போட்டா போயிரும்" என்றாள். மெத்தையை அவளும் நானுமாக வெளியே இழுத்தோம். மடிக்கிற மேஜையை மடக்கிப் பார்த்தாள், விரித்துப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் நீ செய்த இழுப்பறையைத் திறந்து, "இதையும் அவுகளே செஞ்சாகளா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலேயே எனக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

அப்பாவுக்குத்தான் வாயில் எதுவும் நிற்காதே. "எல்லாம் வாங்குதவனுக்காகத்தாம்மா இந்தப் பாடு" என்று உளறிவிட்டார்.

"விக்கப் போறீங்களா? எதுக்கு மாமா?"

"ஒனக்காகத்தான். மாசச் சம்பளக்காரன்தான் ஒனக்கு ஒத்து வரும்னு அவன் நெனைக்கான்."

அவள் கையுறையைக் கழற்றினாள். முகம் சிவந்துவிட்டது. கோபமா வெட்கமா என்று தெரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன். "அவுகளா நெனச்சுக்கிட்டா ஆச்சா? எனக்காக விக்கதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்த கேக்க வேண்டாமா அத்தே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். "தரகர் மாமா மொதல்ல வந்தப்பவே, பையன் தன் கையாலயே வண்டிய வீடு மாதிரி ஆக்கி ஐந்தருவில ஓட்டுதான்னுதான் சொன்னாரு. அதக் கேட்டுத்தான் நான் போட்டோவையே வாங்கிப் பாத்தேன். நிச்சயத்தன்னைக்கு வண்டியப் பத்தி அவுக வாயே தொறக்கலயா, வித்துட்டாக போலன்னு நெனச்சேன். கேக்கதுக்கு வெக்கமா இருந்துச்சு."

பார்த்தாயா, நாம் மூன்று பேரும் கண்ணைக் கண்ணைக் காட்டி மறைத்த விஷயத்தைத் தரகர் முதல் நாளே சொல்லி முடித்திருக்கிறார். உமாவின் அம்மா வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைப்பாகன்னு கேள்விப்பட்டுருக்கேன் மயினி. நீங்க வண்டிக்குள்ளல்லா வச்சு மறச்சிருக்கீக" என்றார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஆனாலும் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் அன்று காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது.

உனக்குத் தெரியாத ஒன்றை அவர்களிடம் சொன்னேன். இப்போது உனக்கும் சொல்கிறேன். நான் ராயகிரிக்காரி. வாழ்க்கைப்பட்டு வரும்வரை குற்றாலத்தைப் பார்த்ததே இல்லை. அருவி என்றால் வருஷம் முழுக்கக் கொட்டிக்கொண்டே இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். எங்களுக்குக் கல்யாணம் ஆனது மாசியில். அப்பா தினமும் காலையில் குளித்து விபூதி பூசி, தூக்குவாளியில் சோறு வாங்கிக்கொண்டு, "கடைக்குப் போய்ட்டு வாரேன்" என்று கிளம்புவார். ஒருநாள் வாளியை மறந்துவிட்டுப் போய்விட்டார். புது மனைவி இல்லையா, நானே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று பஸ் பிடித்து ஐந்தருவிக்குப் போனேன். அங்கே பாறைதான் இருந்தது. ஒரு மூலையில் குழாய் ஒழுகுகிற மாதிரி தண்ணீர். கடைகள் வரிசையாகத் தார்பாய் கட்டிக் கிடந்தன, உன் அப்பா கடையும் சேர்த்து. நின்று அழுதேன், சங்கர். ஏமாற்றிக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். பக்கத்தில் குரங்குகள் என்னையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தன. திரும்பி வரும்போது தென்காசியில் ஒரு மரக்கடை வாசலில், அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு லாரியிலிருந்து பலகை இறக்கிக்கொண்டிருந்தார்.

"சீசன் இல்லன்னு சொன்னா நீ ராயகிரிக்கே போயிருவியோன்னு பயந்தேன்" என்றார். அந்த வெயிலில் நின்றுகொண்டு அவர் அதைச் சொன்னபோதுதான் எனக்கு அவர்மேல் பிரியம் வந்தது. அதற்கு முன் இருந்ததெல்லாம் மரியாதை. மரக்கடையில் வேலை பார்க்கிறேன், ஆனி பிறந்ததும் கடையைத் திறப்பேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தால், நான் வாளியை மரக்கடைக்கே கொண்டுபோயிருப்பேன். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வருஷத்திலிருந்து இன்றுவரை தண்ணீர் இல்லாத மாதத்துக்கு என்ன செய்யப் போகிறோம் என்பதை இரண்டு பேரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்கிறோம். நான் மிஷின் வாங்கியதும் அப்படிப் பேசியதில்தான்.

அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள். பெண்டாட்டியைக் கேட்காமல் அவளுக்காக எதையும் விட்டுக்கொடுக்காதே. அன்றைக்குப் பெரிய தியாகம் மாதிரித் தெரியும். பிறகு ஒருநாள் குழம்பில் உப்பு கூடிவிட்டால், "ஒனக்காக நான் வண்டியையே வித்தேன்" என்று வாயில் வந்துவிடும். அவள் கேட்காத ஒன்றுக்கு அவள் காலமெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. இன்னொன்று, சாரல் இல்லாத மாதத்தில் கம்பெனி வேலைக்குப் போவது ஒன்றும் தோற்றுப் போவது இல்லை. நம் ஊரில் அருவியே வருஷத்தில் பாதி நாள் வேலைக்கு வருவதில்லை. அதை யாரும் குறைவாகப் பேசிப் பார்த்திருக்கிறாயா? கோயம்புத்தூரில் உனக்கு அந்த வேலை பிடித்துத்தான் இருக்கிறது என்றால், அதையே முழுசாகப் பார். அதுவும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பிடித்திருக்கிற குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். போன ஆடியில், வண்டியில் ராத்தங்கக் கேட்டு ஒரு குடும்பம் வந்தது என்று போன் செய்தாயே, அந்தக் குரல்தான் அது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உமாவுக்கு அளவெடுத்தேன். தோள், கை, கழுத்து, எல்லாம் எழுதி முடித்ததும் அவளே, "வண்டிக்கும் நீங்களே தச்சிருங்க அத்தே, மறுபடியும் தார்பாய்க்குள்ள போட்டா இதே கததான்" என்றாள். எனக்கு ஏன் அது தோன்றாமல் போனது என்று என்மேலேயே கோபம் வந்தது. அதே டேப்பால் வண்டிக்கு அளவெடுத்தோம். அவள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தாள், கூரை அளவுக்கு அப்பா ஏணியில் ஏறினார். பக்கத்துக் கண்ணாடிகள் இரண்டும் நீட்டிக்கொண்டு நிற்கிற இடத்துக்குக் கைக்குழி வெட்டி, ஜாக்கெட்டுக்கு வைப்பது போலவே கை வைத்திருக்கிறேன். சிரிக்காதே, கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது.

துணி, நல்ல தடித்த காடாத்துணி. காற்று போய் வரும், தூசி போகாது. இரண்டு பக்கமும் ஜன்னல் விட்டு, பல்லி நுழையாமல் கொசுவலை அடித்தேன். அடியில் சுற்றிலும் பட்டி மடித்துப் பாவாடை நாடா கோத்திருக்கிறேன். இழுத்து முடிந்தால் காற்றில் தூக்காது. தார்பாயை அப்பா விடமாட்டேன் என்றார். சரி என்று நாலு மூங்கில் நட்டு, வண்டியைத் தொடாமல் மேலே பந்தல் மாதிரிக் கட்டச் சொன்னேன். மழைக்கு அது, தூசிக்கு இது. பேட்டரி வயரைக் கழற்றியாயிற்று. டயருக்கு அடியில் பலகை கொடுத்தாயிற்று. ஃப்ரிட்ஜ் கதவை மூடாமல் இடையில் ஒரு கட்டை வைத்திருக்கிறேன். மெத்தைகளைக் காயவைத்து, படுக்கப் போடாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். உள்ளே தின்கிற பொருள் ஒரு பருக்கை கிடையாது. திருஷ்டிக்கு என்ன செய்வது என்று அப்பா தலையைச் சொறிந்தார். வாசலில் ஒரு கற்றாழையைத் தலைகீழாகத் தொங்கவிட்டு அவரைச் சமாதானப்படுத்தினேன். அது அழுகாது.

எத்தனையோ பேருக்குத் தைத்திருக்கிறேன். இதைத் தைத்தபோது இருந்த சந்தோஷம் வேறு எதிலும் இருந்ததில்லை. துணியின் பாரத்தை மிஷின் தாங்காமல் முனகியது. அப்பா எதிரே உட்கார்ந்து மடிப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் உன்னைத் திட்டிக்கொண்டே தைத்து முடித்தோம்.

இன்று காலை செங்கோட்டைக்காரர் திரும்பவும் கூப்பிட்டார். கழுவியாகிவிட்டதா, நீ சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்கிறேன், வெள்ளிக்கிழமை வரலாமா என்று கேட்டார். அப்பா போனை என் கையில் திணித்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற மாதிரி வெளியே போனார். நம் வீட்டில் மாடே இல்லை.

"வர வேண்டாம் அண்ணாச்சி, வண்டி விக்கதப் பத்தி நாங்க சொல்ல முடியாது" என்றேன்.

"பின்ன ஆரு சொல்லணும்? மோன்தானே விக்கச் சொன்னான்?"

"அவன் சொன்னான்தான், இப்ப அவனும் சொல்ல முடியாது" என்று வைத்துவிட்டேன்.

கோபம் வருகிறதா? வரட்டும். நீ விற்கத்தான் வேண்டும் என்றால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். நாடாவை நானே அவிழ்த்து, உறையை நானே மடித்து வைப்பேன். ஆனால் வண்டிச் சாவி இப்போது நம் வீட்டில் இல்லை. அளவெடுத்த அன்று பஸ் ஏறப்போகும்போது உமா என்னிடம் கை நீட்டினாள். நான் ஒன்றும் கேட்காமல் கொடுத்தேன். கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு போய்விட்டாள். அவள் நம்பர் உன்னிடம் இருக்கிறது. கூப்பிட்டுக் கேள்.

அம்மா